விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தவள்

புதுச்சேரி
14.8.2024

தங்கச்சி ஃபாத்திமாவுக்கு அக்கா ஸ்டெல்லாமேரி எழுதுவது.

கவர் மேல உன் மடத்துப் பேரத்தான் எழுதியிருக்கேன். உள்ள மட்டும் ஃபாத்திமான்னுதான் எழுதுவேன். உங்க மதர் பிரிச்சுப் படிச்சாலும் படிக்கட்டும், ஃபாத்திமா மாதாவ நெனச்சு அம்மா வச்ச பேரு அது.

நாளைக்கு மாதா திருநாள். நீ மடத்துக்குள்ள போய் முப்பத்தோரு வருஷம் ஆவுது. எட்டு மாசமா நான் எழுதலன்னு நீ வருத்தப்பட்டிருப்ப. நீயும் எனக்கு ஒரே ஒரு கார்டுதான் போட்ட, அதயும் கணக்குல வச்சிக்கோ.

மேட்டுப்பாளையத்து ரூமை விட்டுட்டேன். முட்டி வலியால சேதராப்பட்டு கம்பெனி வேலையிலேர்ந்தும் நின்னுட்டேன். நாளெல்லாம் நின்னுக்கிட்டே பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுற வேலை, எத்தினி வருஷம்தான் முடியும்? இப்ப டவுன்லயே பொம்பளைங்க சேர்ந்து தங்குற எடத்துல இருக்கேன். ஹாஸ்டல் மாதிரி. இருபத்திரண்டு பேரு. நல்ல எடம், கவலைப்படாத.

இனிமே இந்த விலாசத்துக்கே எழுது. தம்பி ரிச்சர்டுக்கு எழுதினா இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை.

உன் அக்கா
ஸ்டெல்லா

*

மடம்
2.9.2024

என் அன்பு அக்கா,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். உன் கடிதம் கிடைத்த அன்று தோட்டத்தில் முருங்கை பறிக்கும் முறை எனக்கு. பறிக்க மறந்து கையில் கவரோடு நின்றுவிட்டேன்.

அக்கா, கவரின் பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கிறது. நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. "வீடற்ற மகளிர் தங்குமிடம்" என்று போட்டிருக்கிறது. மதர்தான் எனக்கு அதைக் காட்டினார்கள். எதுவும் கேட்காமல் கவரைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

முதலியார்பேட்டையில் நமக்கு ஒரு வீடு இருந்தது. அப்பா மில்லில் உழைத்துக் கட்டிய வீடு. அதில் நீ இருக்கிறாய் என்றுதான் இரண்டு வருடம் முன்புவரை நினைத்திருந்தேன். பிறகு மேட்டுப்பாளையத்தில் ரூம் எடுத்திருப்பதாக எழுதினாய். வேலைக்குப் பக்கம் என்று நீ சொன்னதை நம்பினேன்.

நான் சுவருக்கு உள்ளே இருக்கிறேன். நீ எழுதினால்தான் எனக்கு உலகம் தெரியும். உண்மையை எழுது.

உன் ஃபாத்திமா

*

புதுச்சேரி
20.9.2024

ஃபாத்திமா,

அந்த முத்திரை பாழாப்போவ. தபால் அனுப்பித் தர்ற பொண்ணு குத்திட்டா போல.

சரி, எழுதறேன். அப்பா போன மறுவருஷம் ரிச்சர்ட் பதிவு ஆபீசரைக் கூட்டிக்கிட்டு உங்க மடத்துக்கு வந்து ஒரு பத்திரத்துல உன்கிட்ட கையெழுத்து வாங்கினானே, ஞாபகம் இருக்கா? வீட்டு மேல நமக்கு இருந்த பாத்தியதைய அவனுக்கு விட்டுக்கொடுக்கிற பத்திரம் அது. அதைக் கொண்டாந்து எனக்குக் காட்டினான். "சின்னக்காவே போட்டுட்டாங்க, நீ என்னக்கா யோசிக்கிற" அப்படின்னான். உன் கையெழுத்தப் பாத்துதான் நானும் போட்டேன். ஆறு மாசத்துல வீட்டை வித்துட்டான். உன்னச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா உன் கையெழுத்து அங்க இல்லன்னா நான் போட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தோணும். தோணுறத எழுதச் சொன்ன, எழுதிட்டேன்.

வேலை போனதும் ரூம்காரர் நாலு மாசம் பொறுத்தாரு. அப்புறம் காலி பண்ணச் சொன்னாரு. ஜூன் மாசம். ஒரு பை, ஒரு குடை. நாப்பத்தோரு நாள் வெளியில இருந்தேன். ஆஸ்பத்திரி ஹாலு, கோயில் தாழ்வாரம், கடைசில ரயில்வே ஸ்டேஷன். பெஞ்சுல பைய மடில வச்சிக்கிட்டு, விழுப்புரம் வண்டிக்குக் காத்திருக்கிறவ மாதிரி உக்காந்திருப்பேன். யாராவது பாத்தா கடிகாரத்தப் பாப்பேன். வண்டி வந்தா எழுந்து குழாயடிப் பக்கம் போயிடுவேன், போனதும் திரும்ப வந்து உக்காருவேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பொம்பள பக்கத்துல வந்து உக்காந்தா. மீன் மார்க்கெட் கூட்டுறவ, மணியம்மாள்னு பேரு. என் வயசுதான் இருக்கும். என்னைப் பாக்காம தண்டவாளத்தப் பாத்துக்கிட்டே சொன்னா:

"மூணு நாளா உன் வண்டி வரலியே."

நான் கடிகாரத்தப் பாத்தேன். "நானும் ஒரு வருஷம் அதே வண்டிக்குத்தான் உக்காந்திருந்தேன். எழுந்து வா"ன்னு பைய வாங்கிக்கிட்டா.

நகராட்சியில வீடில்லாதவங்களுக்கு ஒரு எடம் வச்சிருக்காங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அது பிச்சைக்காரங்களுக்குன்னு நெனச்சிருப்பேன். அங்க கார்குழலின்னு ஒரு மேடம் பொறுப்பு. ஆதார்ல இருக்கிற விலாசத்துல நான் இப்ப இல்லீங்கன்னு ஆரம்பிச்சேன். "பேரு மட்டும் சொல்லுங்க, மத்தது நாளைக்கு"ன்னாங்க. சாப்டியா, எங்கேர்ந்து வர, புள்ளைங்க இல்லியா, ஒண்ணும் கேக்கல. நேரா குளிக்கிற ரூமைக் காட்டி, ஒரு சோப்பும் துண்டும் குடுத்து, "எவ்ளோ நேரம் வேணா இருங்க"ன்னாங்க.

ஃபாத்திமா, நாப்பத்தோரு நாளா நான் எங்க ஒதுங்குறது, எப்ப ஒதுங்குறதுன்னு மட்டும்தான் யோசிச்சிட்டிருந்தேன். பசிகூட அப்புறம்தான். கதவச் சாத்திக்கிட்டு அங்கயே உக்காந்து அழுதேன். வெளிய யாரும் தட்டல.

இதுக்கு மேல உங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல.

ஸ்டெல்லா

*

மடம்
6.10.2024

அக்கா,

நான் அந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை. எனக்கென்று எதுவும் இருக்கக்கூடாது என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள்தானே, எதற்குப் படிக்க வேண்டும் என்று பெருமையாகப் போட்டேன். என்னுடையதைத்தான் விடுகிறேன் என்று நினைத்தேன். உன் தலைக்கு மேலிருந்த கூரையையும் சேர்த்து விட்டிருக்கிறேன்.

ஏழ்மையை நான் தேர்ந்துகொண்டேன், ஆனால் மூன்று வேளையும் மணியடித்தால் எனக்குச் சாப்பாடு. நீ எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. முழங்காலில் நிற்கும்போதெல்லாம் இதுதான் வருகிறது. ஜெபம் வரவில்லை.

ரிச்சர்டுக்கு எழுதியிருக்கிறேன். மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடத்து வாசலையொட்டி விருந்தினர் அறை ஒன்று இருக்கிறது. நீ அங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம் என்றார்கள். கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கமாவது உன்னைப் பார்ப்பேன். வா அக்கா.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதற்குள் எழுது.

ஃபாத்திமா

*

புதுச்சேரி
4.12.2024

ஃபாத்திமா,

அதுக்குள்ள எழுத முடியல. நீ இதைக் கிறிஸ்துமஸுக்குத்தான் படிப்ப. பரவால்ல, ஆறட்டும். எனக்கு இன்னும் கோயில்ல சாமியார் நற்கருணை தூக்கறப்ப ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு.

புயல் சேதி உங்களுக்கும் வந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கரைய ஏறுச்சு. அப்படியொரு மழைய நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை விடிஞ்சு கதவத் தொறந்தா தெருவே இல்ல, தண்ணிதான். எங்க கட்டடம் மட்டும் ஏழு படி ஒசரம். கார்குழலி மேடம் வர முடியல, போனும் எடுக்கல. நாங்க இருபத்திரண்டு பேரும் அப்படியே நிக்கறோம்.

மொதல்ல ஒரு ஆட்டோக்காரர் குடும்பம் வந்துச்சு, இடுப்பளவு தண்ணில. அப்புறம் ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும். அந்தம்மா கையில மூடியில்லாத குக்கர். எதுக்கு அதை எடுத்தோம்னு அவங்களுக்கே தெரியல, கடைசி வரைக்கும் கீழ வைக்கல. பத்து மணிக்குள்ள எழுபது பேரு. எல்லாம் சொந்த வீட்டுக்காரங்க.

மணியம்மாள் எங்கள உள்ள கூப்புட்டு ரெண்டே வார்த்த சொன்னா: "யாரும் எதுவும் கேக்காதீங்க. மொதல்ல பாத்ரூம காட்டுங்க."

அவ்ளோதான். யாரும் யாருக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கல. ஒருத்தி பாத்ரூம் வாசல்ல நின்னா, வர்ற பொம்பளைங்களுக்குக் காவலா. ஒருத்தி குழந்தைங்கள மட்டும் தொடைச்சா. எங்க கூட ஒரு அம்மா இருக்காங்க, தன் துணி மூட்டைய யாரையும் தொட விடமாட்டாங்க, தூங்கறப்பயும் தலைக்கடியில வச்சிப்பாங்க. அவங்க போய் அந்த மூட்டைய நடு ஹால்ல பிரிச்சாங்க. நாலே நாலு பொடவை. நாலையும் நாலு பேருக்குக் குடுத்துட்டு, காலியான துணிய மடிச்சு வச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க. நான் அவங்க முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு அந்த முகம்.

வந்தவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணு. ஸ்டேஷன்ல எனக்கு இருந்த கண்ணு. அதுக்கு என்ன செய்யணும்னு டவுன்லயே நல்லாத் தெரிஞ்சவங்க நாங்கதான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நாங்க பட்டது ஒண்ணும் வீண் போவல ஃபாத்திமா. எல்லாம் வேலையா இருந்திருக்கு, படிப்பா இருந்திருக்கு.

சிந்தியான்னு ஒரு வயசான மதாம், பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டம்மா. சேத்தோட வந்து ஓரமா நின்னாங்க, உக்காரக்கூட கூச்சம். மணியம்மாள்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கால் கழுவி விட்டா. டீ குடிச்சதும் அவங்க கேட்டாங்க, "நீங்கள்லாம் எந்தச் சங்கத்துலேர்ந்து உதவிக்கு வந்திருக்கீங்க?"

மணியம்மாள் சிரிச்சிட்டா. "சங்கமா? நாங்க இங்கயே தங்கறவங்க மதாம். வீடில்லாதவங்க."

மதாம் எங்க ஒவ்வொருத்தர் முகமா பாத்தாங்க. அப்புறம் கஷ்டப்பட்டு எழுந்து நின்னாங்க. "அப்ப நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்"னாங்க. "மெர்சி. ரொம்ப நன்றி."

மூணு நாள் இருந்துட்டுப் போனாங்க எல்லாரும்.

இதையெல்லாம் பாத்தப்புறம் உங்கிட்ட பொய்ய வச்சிக்கிட்டு இருக்க முடியல. நீ படிக்காம கையெழுத்துப் போட்ட. நான் படிச்சேன் ஃபாத்திமா. ரெண்டு தடவ படிச்சேன். வீடு போயிடும்னு தெரியும். போடலன்னா தம்பியும் வரமாட்டான், அப்புறம் எனக்குன்னு யாரும் இல்லன்னு பயந்து போட்டேன். உன் பேரைச் சொன்னது, யார் மேலயாவது பழியப் போடணும்னுதான். நீ இனிமே அதுக்காக முழங்கால்ல நிக்காத.

விருந்தினர் அறைக்கு வரல. மதருக்கு என் நன்றி. கார்குழலி மேடம் குடிசை மாற்று வாரியத்துல ஒரு ரூமுக்கு விண்ணப்பம் போடறாங்க, எனக்கும் மணியம்மாளுக்கும் சேத்து. எனக்குச் சொந்த வீடில்லன்னு கூடப்பொறந்தவங்க யாராவது எழுதித் தரணுமாம். ரிச்சர்ட் போன எடுக்க மாட்டேங்கிறான். நீ தருவியா?

அக்கா
ஸ்டெல்லா

*

மடம்
26.12.2024

அக்கா,

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து மதர் கடிதங்களைக் கொடுத்தார்கள். உன்னுடையதைத் தனியாகப் படித்தேன். பிறகு மதரிடம் கேட்டு, எங்கள் பதினோரு பேருக்கும் உரக்கப் படித்தேன், பத்திரத்தைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு. துணி மூட்டையைப் பிரித்த அம்மாவின் இடம் வந்ததும் என்னால் முடியவில்லை. மதர் வாங்கிப் படித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை. மணிக்கு எழாமல் இருந்தது என் முப்பத்தோரு வருடத்தில் அன்றுதான்.

எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதைப் பற்றி எங்களுக்கு எத்தனை புத்தகங்கள் அக்கா! நான் அதை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிட்டீர்கள்.

நீ சொன்ன உண்மையை மட்டும் திரும்பவும் படித்தேன். கோபம் வருமோ என்று பார்த்தேன், வரவில்லை. தம்பி போய்விடுவானோ என்று நீ பயந்தபோது நான் உனக்கு வருடத்துக்கு ஒரு கார்டு போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை என்று நீ நினைத்ததில் என் பங்கு இருக்கிறது. அதை நீ தள்ளுபடி செய்ய முடியாது.

உறுதிமொழி இத்துடன் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுத்தான் போட்டேன். மடத்துப் பேரும் போட்டேன், அம்மா வைத்த பேரும் போட்டேன். ரிச்சர்டிடமிருந்து பதில் இல்லை.

உன் தங்கை
ஃபாத்திமா

*

புதுச்சேரி
3.3.2025

என் தங்கச்சி ஃபாத்திமாவுக்கு,

நாளன்னிக்கு சாம்பல் புதன், தவக்காலத்துலயும் உங்களுக்குக் கடிதம் கிடையாதே. அதுக்கு முன்னாடி இது உனக்கு வந்து சேருமான்னு தெரியல. தபால்காரர் பாடு. சேரலன்னா ஈஸ்டருக்குப் படி.

ரூம் கெடச்சிருச்சு. முட்டியால கீழ்த்தளமே குடுங்கன்னு கார்குழலி மேடம் மூணு தடவ ஆபீசுக்கு நடந்தாங்க. விண்ணப்பத்துல எனக்கு மணியம்மாள் என்ன உறவுன்னு கேட்டாரு அந்த எழுத்தர். "ஒரே வண்டிக்குக் காத்திருந்தவங்க சார்"னா மணியம்மாள். அவருக்கு ஒண்ணும் புரியல. உடன் வசிப்பவர்னு எழுதிக்கிட்டாரு.

தங்குமிடத்துல இப்ப நான் பகல்ல வேலை பாக்கறேன். புதுசா வர்றவங்களை ஸ்டேஷன்லயும் ஆஸ்பத்திரியிலயும் போய்ப் பாத்துக் கூட்டிட்டு வர்ற வேலை. போன வாரம் ஒருத்தி ரெண்டு மணி நேரம் ஒரு வார்த்த பேசல. நானும் பேசல. அப்புறம் அவளே பைய எடுத்துக் குடுத்தா.

நேத்து காலைல நடந்ததை மட்டும் சொல்லிட்டு முடிக்கறேன். மணியம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிட்டா. நான் தனியா அரிசி களைஞ்சிக்கிட்டிருந்தேன். யாரோ கதவத் தட்டினாங்க. எழுந்து போவச் சொல்ல வந்திருக்காங்கன்னு நெனச்சு, கை தானா பையத் தேடுச்சு. அப்புறம் நின்னேன். இது எங்க கதவு. உள்ள இருக்கிறது நான்.

"யாரு?"ன்னு கேட்டேன்.

ஃபாத்திமா, அந்த ஒரு வார்த்தைய நான் எத்தினி நாளா யாரையும் கேக்கல தெரியுமா? வெளியில இருக்கிறவளுக்கு அதைக் கேக்க எடமில்ல. அவளைத்தான் எல்லாரும் கேப்பாங்க.

பக்கத்து வீட்டுப் பொண்ணு, கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கா. என் வீட்ல இல்ல. ஆனாலும் உள்ள கூப்புட்டு உக்கார வச்சேன்.

உன் அக்கா
ஸ்டெல்லா