சிவப்பு விளக்கு எரியும்போது நான் திறந்த கதவு

அந்தொஃபகாஸ்தா
2 ஜூன் 2019

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், ஜெர்மனியில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். காலையில் கடல்மூட்டம் தெருவரை வந்துவிடுகிறது, துணி காய மாட்டேன் என்கிறது. உன் சித்தப்பா படகை விற்கப்போவதாகப் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு எட்டு நாள் மலைமேல் தொலைநோக்கி நிலையத்தில் வேலை, ஆறு நாள் வீடு, அதே சுற்றுதான். இதெல்லாம் ஃபோனில் சொல்லக்கூடியவை. சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் காகிதம். மூன்று முறை உன் நம்பரைப் போட்டேன், மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் ரொட்டியை அறுத்துக்கொண்டே கேட்டேன். நம் பால்வீதியின் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல், நாற்பது லட்சம் சூரியன்களின் எடையோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் கருந்துளையைச் சுற்றிவரும், நீ ஆராயும் உன் நட்சத்திரம், போன வருஷம் மே மாதம் அதன் மிக அருகே போனபோது, ஒரே ஒரு ராத்திரி மட்டும் பாதையைவிட்டு மயிரிழை விலகியிருக்கிறது, கண்ணுக்குப் படாத வேறு எதுவோ அதை இழுத்திருக்கிறது என்று சொன்னாய். பதினான்காம் தேதி முந்நூறு பேர் முன்னால் அதைப் பேசப்போகிறாய். அதை அளவெடுத்த எங்கள் மலையில் அன்றைக்கு ஏதாவது கோளாறு நடந்திருக்குமோ என்று கூட இருப்பவர்கள் கேட்டார்களாம். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னைக் கொன்றுவிட்டது. “அன்னிக்கு டியூட்டில இருந்தது எங்க அப்பா. அவர் ஒண்ணும் இல்லன்னு எழுதினா ஒண்ணும் இல்லதான்.” அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, மறுநாளே ரொட்டிக்கடை வரை சொல்லியாயிற்று. நான் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதுபோல நின்றுகொண்டேன்.

மகளே, அன்றைக்கு ஒன்றும் இல்லை என்று நான் எழுதியது பொய். நான்கு தொலைநோக்கிகளின் வெளிச்சமும் வந்து சேரும் சுரங்கத்தில் பகலில் தண்டவாளம் துடைத்தேன். உள்ளே கொண்டுபோன ஒவ்வொரு பொருளையும் எண்ணி வெளியே எடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும், போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பதிவேட்டில் எழுதலாம் என்று பாக்கெட்டைத் தடவினால் மூக்குக்கண்ணாடி இல்லை. வெளிச்சத்தைத் திருப்பும் ஆடிகள் வண்டியில் ஓடும் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே அதை வைத்துவிட்டேன். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் அளவெடுப்பதை நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் டார்ச்சை உள்ளே மறந்து, எங்கள் ஷிப்ட் தலைவன் ஒஸ்வால்டோவிடம் பேச்சு வாங்கியிருந்தேன். வயசாகிவிட்டது, கீழே ஆபீஸில் உட்காருங்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இன்னொரு தடவை அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கதவின் மேலே, அளவெடுப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியும்போது எலிகூட உள்ளே போகக்கூடாது, ஒரு ஆளின் உடம்புச் சூடும் காலடியும் போதும் அந்த வெளிச்சத்தை ஆட்டிவிட. நான் சாவியைப் போட்டேன். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திருடன் மாதிரி சாக்ஸோடு நடந்தேன். நான்கு நிமிஷம் இருக்கும். வெளியே வந்து, எடுத்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதினேன்.

உன் நட்சத்திரத்தை எதுவும் இழுக்கவில்லை யாஸ்னா, ஆட்டியது நான். அது மறுபடி அவ்வளவு கிட்டே வரப் பதினாறு வருஷம் ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் ஒரு வருஷ உழைப்பு என் கண்ணாடிக்குப் போயிற்று.

நேற்று ஒஸ்வால்டோவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான். பிறகு, “விடுங்கண்ணே, நாலு மாசத்துல ரிட்டையர் ஆகப் போறீங்க. கருவியில ஏதோ கோளாறுன்னு போட்டுக்கலாம், யாருக்குத் தெரியப்போவுது?” என்றான். ஒரு நிமிஷம் அது எனக்கு இனித்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன். வேண்டாம், நடந்ததை நடந்தபடி என் பேர் போட்டே எழுது என்று சொல்லிவிட்டேன். நீயும் கருவி மேல் பழியைப் போடாதே. அந்த ராத்திரியை எடுத்துவிடு, ஏன் என்று கேட்டால் எங்கள் அப்பா உள்ளே போனார், ஒன்றும் இல்லை என்று பொய் எழுதினார் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல். எனக்காகக் குரலைத் தாழ்த்தாதே. குனிய வேண்டிய தலை என்னுடையது.

இந்தக் கடிதத்தை உங்கள் ஊருக்கு நாளை விமானம் ஏறும் ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன், பதினான்காம் தேதிக்கு முன் கைக்கு வந்துவிடும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உறையை ஒட்டியதும் அவளிடம் சொல்லப்போகிறேன், முன்னாலேயே சொன்னால் அழுது என்னைத் தடுத்துவிடுவாள். கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், எடுத்த வேலையில் உன் பேர் நிலைக்கட்டும். குளிர்காலத்துக்கு ஆகும் என்று கம்பளிக் காலுறையும் கூடவே வைத்திருக்கிறேன், போட்டுக்கொள். கோபம் வரும், வரட்டும், கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டு. அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் திட்டு, அது போதும்.

உன் அப்பா,
எலூத்தேரியோ