நீயே பார்த்துக்கொள்

மார்ச் 3

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நம் தங்கை சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டை டிரஸ்டாக்கி, நம் இருவரையும் டிரஸ்டிகளாகப் போட்டு அப்பா எழுதிய பத்திரத்தில் ஏழாம் பத்தியைப் படித்துப் பார். டிரஸ்டின் நிர்வாகம் எந்த நாட்டில் நடக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டமே அதற்குப் பொருந்தும். போன மாதம் ஃபைல், முத்திரை, தீர்மானப் புத்தகம் எல்லாம் என் காரில் எல்லை தாண்டி வந்துவிட்டன. நீதான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாய். இனி நிர்வாகம் இங்கே, என் ஆபீஸில். இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு டிரஸ்டி கையெழுத்துப் போட்டாலே வீட்டை விற்கலாம். சின்னவள் குடியிருக்கும்வரை தொடக்கூடாது என்ற உங்கள் ஊர்ச் சட்டத்தின் தொல்லை இங்கே கிடையாது. அவளுக்கு ஒரு விடுதி பார்த்திருக்கிறேன். ஜூனுக்குள் காலி செய்யுங்கள்.

தம்பி

மார்ச் 11

தம்பி,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. ஃபைல்களை ஒழுங்காக அடுக்கித் தருகிறேன் என்றாய். நம்பிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த என்னைச் சொல்ல வேண்டும்.

கண் தெரியாத தங்கை கைத்தடி இல்லாமல் நடக்கிற இடம் உலகத்திலேயே இந்த வீடு ஒன்றுதான். மாடிப்படியில் எண்ணாமல் ஏறுகிறாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அண்ணன் என்னை எப்படி இருக்கேன்னு கேக்கவே இல்லையா?" என்றாள். வெட்கமாக இல்லையா உனக்கு?

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

மூக்கைச் சிந்திப் பயனில்லை. பெட்டியும் முத்திரையும் என்னிடம். நீ அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான். அதற்குப் பெயர் நிர்வாகமா? முடிந்தால் கோர்ட்டில் நிரூபி.

மாடிக் குழாய் ஒழுகுகிறதாமே. வாங்க வருகிறவர் பார்த்தால் அசிங்கம். ஆளைக் கூப்பிட்டுச் சரி செய். எந்த ஆள், என்ன வேலை என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. வழக்கம் போல நீயே பார்த்துக்கொள்.

தம்பி

மே 9

தம்பி,

பெட்டி இருக்கிற இடம் நிர்வாகம் இல்லையாம். முடிவெடுத்து வேலை நடத்துகிற இடம்தான் நிர்வாகமாம். நேற்று நீதிபதி சொன்னார். வீடு இருக்கிற இந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். சின்னவள் இருக்கும்வரை வீட்டை யாரும் விற்க முடியாது.

சாட்சி யார் தெரியுமா? நீதான். பன்னிரண்டு வருடமாக நீ எழுதிய கடிதங்கள் என் அலமாரியில் இருந்தன. கூரை ஒழுகியபோதும், மதில் சரிந்தபோதும், கீழ்வீட்டில் குடியிருந்தவர் தகராறு செய்தபோதும் ஒரே பதில்: "நீயே பார்த்துக்கொள்." மார்ச் இருபதாம் தேதிக் கடிதத்தைக் கடைசியாகக் கொடுத்தோம். அதைப் படித்தபோது உன் வக்கீலே தலையைக் குனிந்துகொண்டார்.

குழாயைச் சரி செய்தாயிற்று. அண்ணனுக்கு ஏதாவது எழுதட்டுமா என்று சின்னவளைக் கேட்டேன். "வேண்டாம்க்கா, அவன் கேக்கலையே" என்றாள்.

இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. எதுவானாலும் என் வக்கீலுக்கு எழுது. உன் நல்லது கெட்டதை இனி நீயே பார்த்துக்கொள்.

டிரஸ்டி