ஈப்போ ரயிலுக்கு எத்தனை டிக்கெட்

தஹ்மீனா,

அத்தாவிடம் போன் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போகிறேன். மலேசியாவில் இறங்கியதும் அவர் கடை இருக்கும் ஈப்போவுக்கு அவரும் நாமுமாக மூன்று பேரும் ரயிலில் போகலாம் என்கிறார். விடுமுறைக் கூட்டமாம், இன்றே டிக்கெட் எடுக்கிறார்.

"ஆறு வருஷமா வராதவரை நான் ஏன் போய்ப் பாக்கணும்?" என்று நேற்று நீ கேட்டதற்குக் கை ஓங்கியது என் தப்புதான்.

உனக்கும் சேர்த்தே எடுக்கச் சொல்வேன். வேண்டாமென்றால் பதினொரு மணிக்குள் பூத்துக்கு வந்து சொல். வருவதானால் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்காவிடம் கொடு. இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

அம்மா

பி.கு: "மக என் தோள் உயரம் வந்துட்டாளா?" என்று போன கடிதத்தில் அத்தா கேட்டிருந்தார். அவர் தோள் எவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இன்னும் பதில் எழுதவில்லை.