கை போதாத தூரம்

28 பிப்ரவரி 1952, வியாழன்

நேற்று விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். மாடியிலிருந்தே தெரிகின்றன. மடியிலிருக்கும் செபப் புத்தகம் தெரியவில்லை.

கையை நீட்டிப் பிடித்து, உச்சி வெயிலில் வைத்தே பத்து வருஷம் ஓட்டினேன். இப்போது கை போதவில்லை. அச்சுக்காரன் மையில் கஞ்சத்தனம் செய்துவிட்டான் என்று சொல்லலாம். ஆனால் இது அதே பழைய புத்தகம்தானே?

பெரிய வெள்ளியன்று தெருவிலிருக்கும் சிறு சிலுவைக் கோயிலில், குருசடியில், சேசுவின் பாடுகளை வாசிக்க வேண்டும். கோயிலில் சுவாமியார் லத்தீனில் முடித்த பிறகு, நான் தமிழில் வாசிப்பதைக் கேட்டுத்தான் எங்கள் தெருப் பெண்கள் அழுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம்கூட நான் தவறவில்லை.

இதையும் கை பழக்கத்தில்தான் எழுதுகிறது. திரும்பப் படிக்க முடியாது.

5 மார்ச்

மீன்காரி கெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு, "ஆயா, எங்க ஊட்டுக்காரரு மரம் வர்தா பாரு" என்றாள். கட்டுமரத்தின் பழுப்புப் பாயில் நீல ஒட்டு தெரிந்தது. வருகிறான் என்றேன்.

"கயுகு கண்ணு ஆயா உனுக்கு. இம்மாம் வயசுல கண்ணாடி கூட இல்லாம கீறியே."

தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவாள்.

மத்தியானம் சங்கரா மீன் முள் தொண்டையில் குத்தி நின்றது. தட்டில் அதைப் பார்க்க முடியவில்லை. வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினேன். இறங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், கூப்பிட?

9 மார்ச், ஞாயிறு

இவருடைய கண்ணாடியை எடுத்தேன். ஏழு வருஷமாகத் திறக்காத பெட்டி. ஹார்பரில் சரக்கு எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலை இவருக்கு. கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ச்சாரியில் வருவது நான்தானா என்று தெரியாது இவருக்கு. அவ்வளவு தடித்த கண்ணாடி. அத்தனை மோசமான கண்ணுக்கே உதவியது, என் கண்ணுக்கு உதவாதா?

போட்டேன். எழுத்துகள் சிறுத்து, கலங்கி, இருந்ததும் போய்விட்டது. நெற்றி பிளக்கிறது.

அப்படியானால் இது கண்ணாடிக்கு அடங்காத நோய். அம்மாவுக்கு வந்ததுதான். தூத்துக்குடி வீட்டில் சமையற்கட்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அண்ணி அவள் விரலைப் பிடித்துத் தட்டில் வைத்து, இது சோறு, இது கறி என்று காட்டுவாள். அண்ணன் மகன் அருள்பிரகாசம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னை அங்கே வந்து இருக்கச் சொல்கிறான். அதே வீடு. அதே மூலை.

மாட்டேன்.

10 மார்ச்

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். வாந்தி.

19 மார்ச்

குருசடியைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றும் சிலுவையம்மாள் வந்தாள். இந்தத் தடவை பாதியை எண்ணெய்க்கடைத் தேவகிருபை வாசிக்கட்டுமே, உனக்கும் மூச்சு வாங்கும் என்றாள். எனக்கு மூச்சு வாங்குவதாக யார் சொன்னது என்று கேட்டேன். படியிறங்கிப் போய்விட்டாள்.

தேவகிருபை 'வாழ்வு' என்பதை 'வால்வு' என்று சொல்லுகிறவள்.

27 மார்ச்

புத்தகத்தை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். ஓரிடத்தில் எழுத்து கூடிவந்தது, ஆனால் எறும்பு வரிசைபோல அத்தனை பொடி. குருசடியில் புத்தகத்தை யார் கட்டித் தொங்கவிடுவார்கள்? மனப்பாடம் செய்துவிடலாம் என்று தொடங்கினேன். சீடர் இராயப்பர் சேசுவை மறுதலிக்கும் இடம்வரை வருகிறது. சேவல் கூவியதும் எல்லாம் இருட்டு. சேசுவே, இன்னும் கொஞ்ச நாள். இந்த வருஷம் மட்டும் கண்ணை விட்டுவையும். அப்புறம் எடுத்துக்கொள்ளும்.

இல்லை. அப்புறமும் வேண்டாம். எனக்கு இந்த வீடு வேண்டும்.

6 ஏப்ரல், குருத்து ஞாயிறு

எழுதக்கூடாது என்றிருந்தேன்.

முதல் பகுதியை இன்று மாலை வாசிப்பது வழக்கம். பார்க்கிறவர்களுக்காக இவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தைப் புரட்டினேனே தவிர, சொன்னதெல்லாம் நினைவிலிருந்துதான். தோட்டம், முத்தம், சேவல்... அதன்பின் வாய்க்கு வந்தது ஆணியும் சுத்தியலும்.

"இன்னா ஆயா, விசாரிக்கறதுக்குள்ள அறைஞ்சிட்ட?" என்றாள் சிலுவையம்மாள். பின்வரிசையில் சிரித்தார்கள். பாடுகளின் வாசகத்தில், என் எதிரில், சிரித்தார்கள்.

எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே தேவகிருபை. கதவைச் சாத்த விடவில்லை. கண்ணாடியை என் முகத்திலிருந்து கழற்றித் தன் கண்ணுக்கு நேரே பிடித்துத் தெருவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி கண்ணாடியா? இது தூரத்துல தெரியாதவங்க போடுதது அக்கா. ஒங்களுக்குக் கிட்டத்துலல்லா தெரியல. இதப் போட்டா இன்னும்லா கெடும்."

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். யாரிடமும் சொல்லாததை இவளிடம்போய்ச் சொன்னேன். அவள் இடுப்பிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டி, புத்தகத்தைப் பிரித்தாள்.

எழுத்து. முழுசாக இல்லை, கொஞ்சம் மங்கல்தான். ஆனால் எழுத்து.

8 ஏப்ரல்

தேவகிருபையுடன் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பிறவியிலேயே கொஞ்சம் தூரப்பார்வையாம். இளமையில் கண் தானே சிரமப்பட்டுச் சமாளித்துவிடுமாம். வயதானதும் அந்தச் சக்தி ஓய்ந்து, வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. நரம்பு நன்றாயிருக்கிறது. குருடாக மாட்டேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கருமணி வெளுத்திருந்ததா என்றார். ஆமாம், பால்போல. கண்புரையாக இருந்திருக்கும், எடுத்திருக்கலாம் என்றார்.

எடுத்திருக்கலாம். அத்தனை வருஷம் அந்த மூலையில்—

10 ஏப்ரல், பெரிய வியாழன்

கண்ணாடி வந்துவிட்டது. கடைக்காரர் அமீர் காதில் மாட்டிவிட்டு, "இத்தப் போட்டுகினு தெருவுல நடக்காத ஆயா, தல சுத்தும். படிக்க சொல்லோ போடு, அப்பால கழட்டு" என்றார்.

வந்ததும் இவருடைய கண்ணாடியைத் துடைத்து வைக்க எடுத்தேன். காதுக்கம்பியின் கீலில் ஒரு முடி சிக்கியிருக்கிறது. குட்டையானது, நரைத்தது. இத்தனை நாள் என் முகத்திலேயே இருந்தும் தெரியவில்லை.

அதை எடுக்கவில்லை. பெட்டியை மூடினேன்.

11 ஏப்ரல், பெரிய வெள்ளி

வாசித்தேன். விசாரணைக்குப் பிறகுதான் அறைந்தார்கள். சிலுவையம்மாள்தான் முதலில் அழுதாள்.

மாதா சிலுவையடியில் நிற்கும் இடம் வந்தபோது கண்ணாடி நனைந்து எழுத்து மறைந்தது. துடைத்துக்கொண்டு தொடர்ந்திருக்கலாம். புத்தகத்தைத் தேவகிருபையிடம் நீட்டினேன்.

கடைசிவரை 'வால்வு' என்றுதான் வாசித்தாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை 'ழ' பழக வரச் சொல்லியிருக்கிறேன்.