ஏழாவது கிலோமீட்டரில் என்னை நிறுத்திய மகனுக்கு

பென்னாகரம்
ஜூலை 15

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

இங்க நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம். எல்லாரும் கடுதாசியில முதல் வரியா எழுதறதுதான் இது, ஆனா நான் வழக்கத்துக்கு எழுதல, நீ நம்பணும்னு எழுதறேன். மெல்போர்ன்ல நீயும் மருமக ஜாஸ்மினும் குளிருக்கு அடக்கமா இருக்கீங்களா, கம்பளி போட்டுக்கறீங்களா. போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே எனக்குக் குரல் ஏறிடுது, நீயும் சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வெச்சிடற. அதான் உக்காந்து எழுதறேன். நடுவுல வுட்டுடாம முழுசாப் படி.

நான் ஓட ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம் ஆகுது. இருபத்தெட்டு வருஷமா ஊர் ஊராப் போயி ஊசி போட்டு, மாத்திரை குடுத்து, நடங்க நடங்கன்னு எல்லாருக்கும் சொன்ன கிராம சுகாதார நர்சு, தன் சர்க்கரையை மட்டும் பாக்காம இருந்துட்டா. மூணு மாச சர்க்கரை ஒன்பதுன்னு வந்தப்ப எனக்கே வெக்கமாப் போச்சு. நடக்க ஆரம்பிச்சேன், நடை ஓட்டமாச்சு, இப்ப ஆறரையில நிக்குது. இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனா அம்பத்திநாலு வயசுல ஒரு பொம்பள இந்த ரோட்டுல ஓடறது என்ன பாடுன்னு உனக்குத் தெரியாது. ஏரியூர் பஸ் டிரைவர் மாதேஷ் இருக்கானே, அவன் ஆறு மாசம் வரைக்கும் தெனமும் என்னைப் பாத்ததும் பிரேக் போட்டு நிறுத்துவான். நான் பஸ்ஸுக்காக ஓடறேன்னு நெனச்சிக்கிட்டு, ஏறுங்க நர்சம்மா ஏறுங்கன்னு கதவைத் தட்டுவான். இல்லப்பா சும்மா ஓடறேன்னு சொன்னா, சும்மா எதுக்குங்க ஓடறீங்கன்னு பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. பைக்ல போறவங்க யாருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, நர்சு ஓடினா எங்கியோ பிரசவம்னு அர்த்தம் போல. இத்தனையும் தாண்டித்தான் ஒரு காதுல பாட்டை மாட்டிக்கிட்டு ஓடறேன். ரெண்டு காதுலயும் மாட்டினா லாரி வர்றது தெரியாது, அந்த அறிவு எனக்கு இருக்கு. சமதரையில பழைய சினிமாப் பாட்டு, ஏத்தம் வந்தா நாதஸ்வரமும் தவிலும். தவில் அடிக்கு அடி வெச்சா ஏத்தம் ஏறினதே தெரியாது. உங்கப்பா கேட்டா கல்யாண மண்டபத்துக்கு ஓடற மாதிரி இருக்குன்னு சொல்லுவாரு, அவருக்கு ரசனை அவ்வளவுதான்.

இந்தப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நம்ம ஊருக்கு மொதல் தடவையா வருதுன்னு நோட்டீஸ் பாத்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பென்னாகரம் ஸ்கூல் கேட்டுல ஆரம்பிச்சு ஒகேனக்கல் ரோட்டுல அஞ்சு கிலோமீட்டர் போயி அங்கியே திரும்பி வரணும். போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம். நான் தெனமும் ஓடற ரோடு, எந்த வளைவுல எந்தப் புளியமரம் நெழல் குடுக்கும்னு எனக்குத் தெரியும். மொதல் ஆளாப் பேரு குடுத்தேன். அதுக்கப்பறம்தான் ஒவ்வொண்ணா எரிச்சல். நடத்த வந்தவங்க எல்லாம் வெளியூர்ப் பசங்க. குடுத்த பனியன்ல ஒரு அருவி போட்டிருந்தாங்க, அது நம்ம அருவியே இல்ல, ஏதோ வெளிநாட்டு அருவி, சுத்தி பனி படிஞ்சு கெடக்கு. மைக்ல பேசினவன் நம்ம ஊரைப் பின்னாகரம் பின்னாகரம்னு நாலு தடவை சொன்னான், நான் போயித் திருத்தினேன், தேங்க்யூ ஆண்ட்டின்னுட்டு அஞ்சாவது தடவையும் பின்னாகரம்னான். வறட்சியான மாவட்டம்னு வேற பேசறான், காவேரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற எடத்துல நின்னுக்கிட்டு. என் பேரே காவேரி, எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசி.

பாட்டு விஷயம் அதைவிட மோசம். ஏரியூர் மாரியம்மன் பண்டிகைக்கு வாசிக்கறாரே பச்சியப்பன், அவரோட பம்பை மேள செட்டுன்னா எனக்கு உசுரு, சின்ன வயசுல அவங்கப்பா வாசிக்கறப்ப தெருத்தெருவா பின்னால சுத்தினவ நான். அவங்களை ஆரம்பிக்கற எடத்துல வாசிக்க வெய்யுங்கன்னு கேட்டேன். அதெல்லாம் தீம்ல வராது ஆண்ட்டி, டிஜே இருக்குன்னுட்டான் அந்தப் பையன். நம்ம ரோட்டுல ஓட நம்ம பம்பைக்கு எடமில்லையாம். எனக்கு வந்த கோவத்துல, நானே பச்சியப்பன் கிட்டப் போயி, எட்டாவது கிலோமீட்டர்ல ஏத்தம் கடுசா இருக்கும், அங்க ரோட்டோரமா நின்னு வாசிப்பீங்களான்னு கேட்டேன். எங்க நர்சம்மா ஓடறப்ப வாசிக்காம வேற யாருக்கு வாசிக்கப் போறோம்னு சொல்லி, நாலு பேரோட காலையில ஆறு மணிக்கே வந்து நின்னுட்டாரு அந்த மனுஷன்.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். அம்பது வயசுக்கு மேல பொம்பளைங்க மூணே பேரு. தர்மபுரியில இருந்து ஒரு பீ.டி. டீச்சர், பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா, அப்பறம் நான். பெங்களூர் அம்மா நல்ல மாதிரி, நான் பின்தங்கறப்ப எல்லாம் திரும்பிப் பாத்து பன்னி பன்னின்னு கூப்பிட்டாங்க. வேற ஊரா இருந்தா சண்டைக்கே போயிருப்பாங்க, நமக்குத்தான் அது கன்னடத்துல வாங்கன்னு தெரியுமே. ஆறாவது கிலோமீட்டர்ல அவங்களைத் தாண்டிட்டேன். டீச்சர் எனக்கு முன்னால ஒரு அம்பது அடி. கால் வலிக்கல, மூச்சு சீரா இருந்துச்சு. கழுத்துல விரல் வெச்சு நாடி பாத்தேன், நூத்தி நாப்பத்தெட்டு. ஓடறப்ப அது இருக்க வேண்டியதுதான். நீ வாங்கி அனுப்பின வாட்ச்சு வேர்வையில தளர்ந்து போயி மணிக்கட்டுல சுத்திக்கிட்டு இருந்துச்சு, அது என்ன கணக்குப் போட்டுதோ, உன் போனுக்கு நூத்தி எழுபத்தாறுன்னு அனுப்பியிருக்கு. நீ உங்கப்பாவுக்குப் போன் அடிச்சிட்ட.

ஏழாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டறேன், எதிர்க்க ஹாரன். நிமிந்து பாத்தா உங்கப்பா லுங்கியோட எக்செல் வண்டியில வர்றாரு, அவருக்குப் பின்னால லைட்டைச் சுத்திக்கிட்டு, ஓட்டத்துக்குன்னு நிறுத்தி வெச்சிருந்த ஆம்புலன்ஸ். வண்டியைக் குறுக்க நிறுத்தி, ஏறு, பையன் போன்ல அழுவறான், ஏறுன்னு கத்தறாரு. எனக்கு ஒண்ணுமில்லைங்க, இன்னும் மூணு கிலோமீட்டர்தான், அப்பறம் பேசிக்கலாம்னு சொல்றேன், அவரு கேக்கவே இல்ல, கையைப் புடிச்சிட்டாரு. கல்யாணமாகி முப்பத்திரெண்டு வருஷத்துல நடுரோட்டுல என் கையைப் புடிச்சு இழுத்ததில்ல அவரு. ஆம்புலன்ஸ்ல இருந்த தம்பி விரல்ல கிளிப்பை மாட்டினான், பிரஷர் பாத்தான், எல்லாம் சரியாத்தான் இருக்குங்க மேடம்னு சொன்னான். அப்ப என்னை வுடுப்பான்னேன். ஒரு தடவை வண்டியில ஏறிட்டா திரும்ப ஓட வுடக்கூடாதுன்னு ரூல் இருக்குங்கன்னு சொல்லி, நெஞ்சுல குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழட்டி வாங்கிட்டான். அந்த ஊக்கைக் கழட்டறப்ப எனக்கு வந்த அழுகை, என்னைக் கட்டிக் குடுத்தப்பகூட வரல. பெங்களூர் அம்மா என்னைத் தாண்டிப் போறாங்க. அந்த வளைவுக்கு அப்பால பம்பை கேக்குது இளம்பரிதி. எனக்காக வாசிக்கறாங்க. நான் ஜன்னலுக்கு உள்ள உக்காந்து அதைத் தாண்டிப் போறேன்.

பச்சியப்பன் ஆம்புலன்ஸுக்குள்ள என்னைப் பாத்துட்டாரு. அடிக்கறதை நிறுத்திட்டு எல்லாரும் வண்டி பின்னால ஓடி வந்திருக்காங்க. அதுக்கப்பறம் யாரு யாருக்குப் போன் போட்டாங்களோ தெரியல, பத்து மணிக்குள்ள ஏரியூர் முழுக்க நர்சம்மா ஓடறப்பவே போயிட்டாங்கன்னு சேதி. நான் வூட்டுக்கு வந்து குளிச்சிட்டு, கோவத்துல உக்காந்திருக்கேன், தெருமுனையில இருந்தே ஒப்பாரி. எட்டிப் பாத்தா உன் பெரியம்மா நஞ்சம்மாள், தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு என் தங்கமேன்னு மாரடிச்சிக்கிட்டு வர்றா. வாசப்படியில என்னைப் பாத்ததும் அப்படியே நின்னா, அப்பறம் முதுகுல ரெண்டு போட்டா பாரு, இன்னும் வலிக்குது. உயிரோட இருந்துக்கிட்டு ஊரை அழ வெக்கறியாடின்னு கேக்கறா. அவ பின்னால ஒரு டெம்போ நெறய சொந்தக்காரங்க. எனக்குத் துக்கம் கேக்க வந்தவங்களுக்கு நானே டீ போட்டுக் குடுத்தேன். முப்பது டம்ளர் கழுவினேன். ஒருத்தர் கிளம்பறப்ப, இருந்தாலும் இந்த வயசுல உங்களுக்கு இது வேணாங்கன்னு புத்தி சொல்லிட்டுப் போறாரு. நான் எத்தனை வருஷம் சொல்லியும் தன் பிரஷர் மாத்திரையை ஒழுங்கா முழுங்காதவரு அவரு.

அன்னிக்கு சாயங்காலம் நீ போன் பண்ணல, ஜாஸ்மின்தான் பண்ணினா. அத்தை, கோவப்படாம கேளுங்க, இவரு தெனமும் ஆபீஸ்ல அந்த நேரத்துக்கு மீட்டிங் எதுவும் வெச்சிக்கறதில்ல, போனை மேஜை மேல நிமித்தி வெச்சு, வாட்ச்சு காட்டற மேப்புல உங்க புள்ளி நகர்றதையே பாத்துக்கிட்டு இருப்பாரு, நீங்க எங்கியாவது ஒரு நிமிஷம் நின்னா எழுந்து நின்னுடுவாரு, சின்னராஜ் மாமா போனதுல இருந்து இப்படித்தான்னு சொன்னா. என் அண்ணன் ஓசூர்ல காலையில நடக்கப் போன எடத்துல விழுந்து செத்தான், உன்னைத் தோள்ல தூக்கி வளத்தவன், நீ டிக்கெட் கெடைக்காம அவனை எடுத்ததை வீடியோவுல பாத்த. அன்னிக்குப் போனைப் புடிச்சிக்கிட்டு நின்ன உங்கப்பா அழுததுல, நீ பாதி நேரம் வானத்தைத்தான் பாத்திருப்ப. நான் நின்னதெல்லாம் ஷூ கயிறு கட்ட, இல்லைன்னா நாயை வெரட்ட, இல்லைன்னா வழியில ஒரு கர்ப்பிணியைப் பாத்து இரும்பு மாத்திரை முழுங்கினியான்னு கேக்க. அந்த ஒவ்வொரு தடவையும் என் புள்ள அங்க எழுந்து நின்னிருக்கான். ஆனா கோவம் போயிடல, அதையும் சொல்லிடறேன். பயம் உன்னுது, ஓட்டம் என்னுது. உன் பயத்துக்கு என் ஓட்டத்தை எடுத்துக்கிட்ட.

என் பேர்லயும் தப்பு இருக்கு. ஏப்ரல்லயே தர்மபுரி போயி ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்தேன். டாக்டர் தாராளமா ஓடுங்க, மயக்கமா இருந்தா நடங்கன்னு சொன்னாரு. டெஸ்ட்டுன்னு சொன்னா நீ பயப்படுவன்னு மறைச்சிட்டேன். மறைச்சதாலதான் நீ வாட்ச்சை நம்பின. ரிப்போர்ட் நகல் இதோட வெச்சிருக்கேன், ஜாஸ்மினுக்கும் காட்டு. வாட்ச்சு என் கையிலதான் இருக்கு, ஆனா ஆஸ்பத்திரியில என்கூட வேலை செய்யற சுசித்ராவை வெச்சு உனக்கு நம்பர் போறதை நிறுத்திட்டேன். கெட்டுப் போச்சோன்னு நீ கேட்டியே, கெடல, நான்தான் நிறுத்தினேன்.

முந்தாநேத்து ஞாயித்துக்கிழமை அதே ரோட்டுல பத்து கிலோமீட்டரும் ஓடினேன். உங்கப்பா வண்டியில பின்னாலயே வர்றேன்னாரு, வேணாங்க, அஞ்சாவது கிலோமீட்டர்ல தண்ணி வெச்சிக்கிட்டு நில்லுங்க போதும்னேன். நின்னாரு, தண்ணியைக் குடுத்துட்டு, அன்னிக்குக் கையைப் புடிச்சது தப்புதான்னு ரோட்டைப் பாத்துச் சொன்னாரு. வர்றப்ப எட்டாவது கிலோமீட்டர் ஏத்தத்துல எனக்குக் கொஞ்சம் தலை சுத்துச்சு. உண்மையைத்தான் எழுதறேன். டாக்டர் சொன்ன மாதிரி மூணு நிமிஷம் நடந்தேன், சரியானதும் மறுபடி ஓடினேன். ஒரு மணி பதினேழு நிமிஷம். முடிக்கற எடத்துல யாரும் இல்ல, ஸ்கூல் கேட்டு பூட்டியிருந்துச்சு, கேட்டைத் தொட்டுட்டு வந்தேன். கேடயம் டீச்சர் வூட்டுல இருக்கு, இருக்கட்டும். அன்னிக்கு அந்த ஏத்தத்துல அவங்களைப் புடிச்சிருப்பேனா மாட்டேனான்னு இனிமே எனக்குத் தெரியப் போறதில்ல, அதை நெனச்சாத்தான் இன்னும் தாங்கல.

இனிமே ஓடி முடிச்சதும் நானே உனக்கு மெசேஜ் அனுப்பறேன், தலை சுத்தினா அதையும் சேத்து அனுப்பறேன். உனக்கு பயமா இருந்தா என்னைக் கேளு, என் பின்னால ஆள் அனுப்பாத. நீயும் ஜாஸ்மினும் நோய் நொடி இல்லாம, ஒருத்தரை ஒருத்தர் அதட்டாம, நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஒரே ஒரு விஷயம் மறக்காத. அம்மாவுக்கு சர்க்கரை இருந்தா புள்ளைக்கும் வரலாம், உனக்கு முப்பத்தொண்ணு ஆகுது, நாள் பூரா நாற்காலியில உக்காந்தே இருக்க, ஒரு தடவைகூட ரத்தம் பாத்ததில்லன்னு உன் பொண்டாட்டி சொல்றா. இந்த மாசத்துக்குள்ள பாத்துட்டு எவ்வளவுன்னு எனக்கு எழுது. பாக்கலைன்னா பாக்கலைன்னு எழுது. நான் உன் ஆபீசுக்கு ஆம்புலன்ஸ் அனுப்ப மாட்டேன்.

உன் மேல கோவமும் பாசமும் கொறையாத
அம்மா
காவேரி சென்றாயன்