குண்டூசியின் பெட்டியில் அப்பா

மார்ச் 4, செவ்வாய்

இனி மாணவர் ஒவ்வொருவருக்கும் மெயில், படம், பாடம் எல்லாம் சேர்த்து நூறு ஜிபி. கல்லூரிக் கணினி மையத்தில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் கேட்டாள்: "உங்க காலத்துல எவ்வளவு மேடம்?" ஐந்து எம்பி என்றேன். "ஒரு போட்டோகூடத் தாங்காதே!" என்று சிரித்தாள். தாங்காதுதான். அதில்தான் நாங்கள் படிப்பு முழுக்கக் குடித்தனம் நடத்தினோம்.

மார்ச் 6, வியாழன்

பழைய மாணவர்களின் மெயில் பெட்டிகள் இன்னும் பழைய சர்வரில் தூங்குகின்றன. மாதக் கடைசிக்குள் உரியவர் திறந்து கேட்டால் புது இடத்துக்கு மாற்றுவோம். இல்லையென்றால் அழிந்துவிடும். அறிவிப்பை எழுதியவளே நான்தான். நானும் இங்கே படித்தவள்தானே, மத்தியானம் என் பெட்டியைத் திறந்தேன். கட்டண நினைவூட்டல், தேர்வு அட்டவணை. அப்பா எழுதியது ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்?

மார்ச் 7

அப்பாவுக்குக் கப்பலில் இயந்திரம் பார்க்கும் வேலை. துறைமுகம் வந்தால்தான் மெயில். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். படித்ததை அழித்துக்கொண்டே வந்தும் ஒருமுறை என் பெட்டி நிரம்பி, அவர் மெயில் திரும்பிப் போய்விட்டது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி விடுதி வார்டனுக்கே போன் போட்டுவிட்டார்! மானம் போயிற்று. அறைத்தோழி குண்டூசி (ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தல்) சொன்னாள்: "என் அட்ரஸக் குடுத்துடுடி. என்னுது சும்மாதான் கெடக்கு." அதன்பின் அப்பா அவளுக்கே எழுதினார். கணினி அறையில் ஒரே நாற்காலியில் ஒண்டிக்கொண்டு படிப்போம். எவ்வளவு நல்ல நாட்கள்!

அப்பா போய் இரண்டு வருஷம். அந்த மெயில்கள் எனக்கு வேண்டும்.

மார்ச் 11

அவள் பெட்டியை இங்கிருந்தே திறக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. — அவள் பெட்டி அது. மனசு வரவில்லை.

மார்ச் 17

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம், நம்பர் மாற்றம், விட்டுப்போயிற்று. காரியம் ஆக வேண்டும் என்றதும் கூப்பிட்டால் என்ன நினைப்பாள்?

மார்ச் 26

யார் யாரையோ கேட்டு நம்பர் பிடித்தேன். குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா? இருக்கேனா செத்தேனான்னு ஒரு வார்த்தை கேட்டியாடி?" நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா இல்லை என்றதும் அழுதுவிட்டாள். அவளுக்கு நான் சொல்லவே இல்லையே... என்ன ஜென்மம் நான்! மெயில் பற்றிக் கேட்க வாயே வரவில்லை.

மார்ச் 27

அவளே கூப்பிட்டாள். "உங்கப்பா மெயிலெல்லாம் என்கிட்டதானடி இருக்கு? பாஸ்வேர்டு மறந்துபோச்சு." அடையாள அட்டையை அனுப்பச் சொல்லி, புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

"நீயே தெறந்து பாருடி" என்றாள். இருக்கிறது! எல்லாம் இருக்கிறது. ஆனால் அவளுடையது ஒன்றுமே இல்லை. உடனே போன் போட்டேன்.

"உன்னுதெல்லாம் எங்கடி?"

"இடம் பத்தல. அவர் எழுதுறப்பல்லாம் என்னுதுல ஒண்ண அழிப்பேன். சொன்னா நீ வேணாம்னுடுவே."

அப்போது அவள் அண்ணன் வெளியூரிலிருந்து வாராவாரம் எழுதுவான். அதையெல்லாமா அழித்தாள்?

ஏப்ரல் 6, ஞாயிறு

பழைய சர்வரை அணைத்தாயிற்று. குண்டூசி நேற்றே வந்துவிட்டாள். சமையலறையில் என் வீட்டுக்காரரிடம் என் வண்டவாளத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். மெயில்களில் அவளுக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. முதலில் "மகளுக்கு" என்று தொடங்கிய அப்பா, போகப் போக "மகள்களுக்கு" என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவள் கவனித்திருக்கிறாள்.