மூன்று அடுக்கும் ஒரு காம்பராவும்

என் அன்பு அக்கா,

“ஏன்டி டீச்சரம்மா, கட்டில் போட்டா கால் வைக்க எடமில்லாத காம்பராவுல இத எங்கடி விரிச்சுத் தைக்கப் போற?” என்று கேட்டாய். உன் பழைய சேலைத் துண்டுகளை ஒட்டி நீ தைத்த போர்வையின் மேல்துணி அப்போது உன் மடியில் கிடந்தது. “அதுக்கென்ன, பாத்துக்கலாம்” என்றேன். கணக்கைப் பார்க்காமலே “தெரியும் டீச்சர்” என்று கைதூக்கும் பிள்ளை மாதிரி.

இப்போது மாட்டிக்கொண்டேன். உன் மகள் செல்விக்குப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். “அம்மா தச்சதுலதான் பிள்ளையப் போடணும் சித்தி” என்று போனில் அழுதாள்.

கீழே வெள்ளைத் துணி, நடுவில் பழைய கம்பளி, மேலே உன் சேலைத் துண்டுகள். மூன்றும் நகராதபடி முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். அதற்கே இரண்டு நாள் போய்விட்டது! வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாரல். உள்ளே கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தியும் துணி அடுப்படிக்குள் போகிறது. “மச்சினிச்சி, நான் வேணா அடுப்புல ஏறி உக்காந்துக்கவா?” என்கிறார் மச்சான்.

ஈரத் தரை என்று, கொழுந்து பறிக்கப் போகையில் நனையாமல் இடுப்பில் கட்டுவாயே, அந்தத் தண்ணீர் புகாத படங்கை அடியில் விரித்தேன். முட்டி வலிக்க வலிக்கத் தைத்துத் தூக்கினால் படங்கும் சேர்ந்து வந்தது.

“இருக்கட்டும்ங்க, பிள்ளை ஒண்ணுக்குப் போனா தாங்கும்ல!” என்று சமாளித்தேன்.

மச்சான் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் பிரித்தேன். அடித்துணி முழுக்கச் சுருக்கம்.

உன்மேலும் கோபம் வந்தது. பாதியில் விட்டுவிட்டு இப்படியா கண்ணை மூடுவாய்? ஆயுசு முழுக்க அவ்வளவு பெரிய மலையில் நின்ற உனக்கு, ஒரு போர்வையை விரிக்கிற அளவு தரை ஏன் கிடைக்கவில்லை?

இன்று டிவியை இறக்கிவிட்டு அந்தக் குட்டி மேசையை இழுத்தேன். முழுவதும் ஒரே நேரத்தில் விரிய வேண்டியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அடித்துணியின் நடுப்பகுதியை மேசை விளிம்பில் உடுப்புக் கிளிப்பால் இழுத்துப் பிடித்தேன். மற்ற இரண்டையும் மேலே போட்டு, நீ தேயிலைச் செடிமேல் வைத்து மட்டம் பார்த்த அதே மட்டக்கம்பால் ஓரத்தை நோக்கித் தள்ளினேன். சுருக்கம் போனது. அந்த அளவுக்குத் தைத்துவிட்டேன். இன்னும் முக்கால் பங்கு கிடக்கிறது, முதுகு உடைகிறது. தொங்கும் துணியைத் தோளில் தாங்கிக்கொண்டு மச்சான் முணுமுணுக்கிறார்.

கோணலாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை உன் பேத்தி இதில்தான் படுப்பாள், அக்கா.

இனி யாராவது இடம் போதாதென்றால், துணியின் நடுவை மட்டும் மேசையில் விரித்து அங்கிருந்து தைக்கத் தொடங்கச் சொல்வேன்.

உன் கூடப் பிறந்த
டீச்சரம்மா